கயிறு பிடிக்க ஒரு கை

(பழைய மாணவ மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1999இல் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு இந்த வாசல் வழியாக ஓடிப் போனேன். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்! இன்று நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றினார்கள். நால்வருக்கும் நன்றி. ஆனால், "எப்படிப் பிடிக்கணும்க்கா?" என்று முதலில் கேட்டது அதில் ஒரு தங்கை மட்டும்தான். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2011இல் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் கழுத்தெலும்பில் அடிபட்டு, தண்டுவடம் பாதிக்கப்பட்டது. கால்கள் அசையாது. கைகள் பாதி வேலை செய்யும். அந்தப் பாதிக் கையால் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதி, நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து சம்பாதிக்கிறேன். ஆனால் படுக்கையிலிருந்து எழுப்ப, கழிவறைக்குக் கொண்டுபோக, குளிப்பாட்ட, நாற்காலியில் உட்கார வைக்க இன்னொருவர் வேண்டும். காலையில் ரெண்டு மணி நேரம், ராத்திரி அரை மணி நேரம். அந்த ரெண்டரை மணி நேரம் கிடைத்தால் மிச்ச நாள் என்னுடையது. கிடைக்காவிட்டால் அந்த நாளே இல்லை.

அம்மா இருந்தவரை இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 2019இல் அம்மா போனபிறகுதான் தெரிந்தது. எங்கள் கடற்கரைத் தெருவின் நேரம் உங்களில் பலருக்குத் தெரியும். அண்ணன் விடியுமுன் வள்ளத்தில் போய்விடுவார். மைனி மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஆள் தேவைப்படுகிற அதே நேரத்தில்தான் வீட்டில் ஆள் இருக்காது. மைனியைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஏலத்துக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது.

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு வாய் கிடையாது. கழிவறைக்குக் கூப்பிட வேண்டாம் அல்லவா? சிறுநீரில் கிருமி சேர்ந்து, குளிர்காய்ச்சல் வந்து, ஒரே வருஷத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரி. பிறகு மற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தேன். அவர்களும் இதையே செய்கிறார்கள்! ஆண் படுத்துவிட்டால் பெரும்பாலும் மனைவியோ தாயோ பார்க்கிறாள். பெண் படுத்துவிட்டால்? மாதத்தில் அந்த மூணு நாள் அண்ணனைக் கூப்பிட முடியுமா? அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று படிப்பை நிறுத்துகிற மகள்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அதில் பெண்கள் சுமார் 5.2 லட்சம். எல்லோருக்கும் அன்றாடம் ஆள் தேவை இல்லை. தேவைப்படுகிறவள் பெரும்பாலும் உள்ளறையில் இருக்கிறாள். அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

எங்கள் தாத்தா முத்துக்குளிப்பில் தோணியில் கயிறு பிடித்தவர். 1961இல் நடந்த கடைசிக் குளிப்பிலும் இருந்தார். குளிக்கிறவர் கல்லைக் காலில் மாட்டி இறங்குவார். மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அதனால்தான் மனைவியின் கூடப்பிறந்தவனைக் கயிறு பிடிக்க வைப்பார்கள், அவன்தான் தன் அக்கா தங்கச்சி தாலிக்காகக் கவனமாக இருப்பான் என்று சொல்வார்கள். குளிக்கிறவரை யாராவது "பாவம், அடுத்தவரை நம்பிப் பிழைக்கிறவர்" என்று சொன்னதுண்டா? எப்போது இழுப்பது என்று சொல்வது அவர். கயிறு பிடித்தவருக்கும் பங்கு உண்டு. அது தர்மம் இல்லை, தொழில் முறை.

இது நினைவுக்கு வந்ததும், பக்கத்து வீட்டில் கருவாடு காயவைத்துப் பிழைக்கும் அக்காவைக் கூப்பிட்டு மாதச் சம்பளம் பேசினேன். "ஒனக்குச் செய்றதுக்குத் துட்டா ஏட்டி?" என்று கோபித்துக்கொண்டார்கள். "கயிறு பிடிச்சவருக்குப் பங்கு இல்லாம எந்தத் தோணிக்கா போச்சு?" என்றேன். சிரித்துவிட்டார்கள். மறுநாள் ஆறு மணிக்கு வந்தார்கள். அன்றிலிருந்து தண்ணீர் தாராளமாகக் குடிக்கிறேன். கூச்சமில்லாமல் கேட்கிறேன். பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லவும் முடிகிறது.

2023 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! எங்கள் வீட்டில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. பையன்கள் வள்ளத்தைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். நல்ல பையன்கள்தான், ஆனால் மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கப் பார்த்தார்கள். "லேய், கழுத்தத் தாங்கு, காலு ரெண்டையும் சேத்துப் புடி" என்று அந்த அக்கா ஒரு சத்தம் போட்டார்கள். தினமும் காலையில் பழகிய பழக்கம் அன்று என் உயிரைக் காத்தது.

இது தனிமனித ஏற்பாடு. சட்டமும் இருக்கிறது. 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, தனி உதவியாளர் பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. நமது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, அதிக உதவி தேவைப்படுகிறவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கடும் பாதிப்புள்ளோருக்கான உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரியில் 1,500இலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது. வரவேற்கிறேன். ஆனால் மருந்துக்கும் பஞ்சுக்கும் போக, உதவியாளருக்கு அதில் என்ன மிஞ்சும்? சுவீடனில் 1994 முதல் தன் உதவியாளரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து ஆய்க்குடியில், 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். உதவியாளர் தேவைப்படுகிறவர் ஊருக்கே உதவலாம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நண்பர்களே, சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லதுதான். அதில் எங்களைத் தூக்கி உட்கார வைப்பது யார்? துபாயிலும் சென்னையிலும் இருக்கிற என் வகுப்புத் தோழர்களைக் கேட்கிறேன்: அடுத்த ஆண்டு நாற்காலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் காலை ரெண்டு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். நம் தெருப் பெண்களுக்கே சம்பளம் கொடுங்கள். யார் வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்பதைப் படுத்திருக்கிறவளே சொல்லட்டும்.

தங்கைகளே, தம்பிகளே, 38ஆம் பிரிவின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க வாருங்கள். முறையாகத் தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும், இன்று அந்தத் தங்கை கேட்டதுபோல, முதலில் கேளுங்கள்.

பொறுமையாகக் கேட்டீர்கள். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், பயமில்லாமல் குடிக்கிறேன்.