தலையை வெட்டிய சாஸ்திரமும் தலையைக் கும்பிடும் ஜனங்களும்



மாரியம்மனைப் பற்றியும், அவளுக்கு ஆதாரமென்று சொல்லப்படும் சாஸ்திர புராணங்களைப் பற்றியும் இன்று பேச வேண்டுமென்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆடி மாதத்தில் இதைப் பேசினால் கல் விழுமே என்று ஒருவர் பயந்தார். நாம் பேசப் போவது பெரும்பாலும் அவர்களுடைய புஸ்தகத்தில் உள்ள சங்கதிதான். ஆகவே கல் எறிகிறவர்கள் முதலில் அந்தப் புஸ்தகத்தின் மேல் எறியட்டும்.

மகாபாரதம் வனபர்வத்தில் ரேணுகை கதை இருக்கின்றது. ஜமதக்கினி என்கின்ற ரிஷியின் மனைவி ரேணுகை. ஐந்து பிள்ளைகள் பெற்றவள். ஒருநாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனவள், அங்கே ஓர் அரசன் தன் மனைவிமாரோடு ஜலக்கிரீடை செய்வதைக் கண்டு ஒரு கணம் மனம் கலங்கினாளாம். யாரையும் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. மனம் கலங்கினாள், அவ்வளவே. ரிஷி அதைத் தெரிந்துகொண்டு, “இவளை வெட்டுங்கள்” என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டார். நான்கு பிள்ளைகள் வெட்ட மாட்டோமென்று நின்றார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சாபம். ஐந்தாவது பிள்ளையாகிய பரசுராமன் கோடரியை எடுத்துப் பெற்ற தாயின் கழுத்தை வெட்டினான். அவனுக்குக் கிடைத்தது வரம்! பிறகு அந்த வரத்தினாலேயே தாய் பிழைத்தாள் என்று கதையை முடிக்கிறார்கள். வெட்டினதைத் தாய் மறந்துவிட வேண்டுமென்பதும் அவன் கேட்ட வரங்களில் ஒன்று. செய்ததைச் செய்துவிட்டு, செத்தவளுக்கு ஞாபகமே இருக்கக் கூடாதென்று ஏற்பாடு செய்துகொள்ளுகிற சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

நம் நாட்டுப்புறத்தில் இந்தக் கதை இன்னும் வளர்ந்திருக்கின்றது. ரேணுகையோடு ஒரு தாழ்த்தப்பட்ட ஜாதிப் பெண்ணும் வெட்டுப்பட்டாளாம். உயிர் கொடுக்கிற அவசரத்தில் தலையும் உடலும் மாறிப்போய்விட்டதாம். அப்படி மாறினவள்தான் மாரியம்மன் என்கிறார்கள். வேலூர் ஜில்லா குடியாத்தத்தில் வருஷந்தோறும் வைகாசி முதல் தேதியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கின்றது. அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோவிலில் உடலோடு பொருத்துகிறார்கள். ஏராளமான ஜனங்கள் கூடிக் கும்பிடுகிறார்கள். அந்தத் தலை எதற்காகத் தனியாக வந்தது, வெட்டினவன் யார், வெட்டச் சொன்னவன் யார் என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்டதுண்டா?

இன்னொன்றும் கேட்கின்றோம். தலை ஒரு ஜாதி, உடல் ஒரு ஜாதி என்றால், அந்த உடலுக்குச் சொந்தக்காரியின் ஜாதியாரைக் கோவிலுக்கு வெளியே எதற்காக நிறுத்தினீர்கள்? அவர்களை உள்ளே விடுவதற்கு 1947-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட வேண்டியிருந்ததே, அது எதற்காக?

பெண்ணைத் தெய்வமாக வைத்த மதம் எங்கள் மதமென்று சில பண்டிதர்கள் பெருமை பேசுகிறார்கள். பெண்களைக் கௌரவிக்கிற இடத்தில் தேவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று மனு சொன்னதையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அது மூன்றாவது அத்தியாயம். அதே புஸ்தகத்தின் ஐந்தாவது அத்தியாயத்தில், பெண் சிறுவயதில் தகப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், அவன் செத்தபின் பிள்ளைகளுக்கும் அடங்கியே இருக்க வேண்டுமென்றும், எட்டாவதில் மனைவிக்குச் சொத்து இல்லையென்றும், ஒன்பதாவதில் அவளுக்கு மந்திரம் ஏதுமில்லையென்றும் இருக்கின்றதே, அந்தப் பக்கங்களை மட்டும் ஏன் திருப்புவதில்லை? லட்சுமி என்று சொல்லிப் பெண்ணுக்கு விளக்கேற்றினவர்கள், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிள்ளைகளைப் போல் பங்கு கொடுக்கத் தமிழ்நாட்டில் 1989 வரையிலும், இந்தியா முழுமைக்கும் 2005 வரையிலும் காத்திருந்தார்கள். அதுவும் லட்சுமி கொடுத்ததல்ல, சட்டசபை கொடுத்தது.

நிற்க, அம்மை நோய்க்கு வருவோம்.

நம் குடும்பத்தில் ஓர் அத்தை இருந்தார்கள். அவர்கள் சிறு பெண்ணாக இருந்தபோது, அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தார் என்றவுடன் பாட்டி அவர்களை நெற்குதிருக்குள் இறக்கி மூடி வைத்துவிட்டாராம். ஊசி குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்கின்ற பயம். அடுத்த வருஷமே ஆத்தாள் வந்துவிட்டாள். வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் தெளித்து, வைத்தியரை வாசற்படி ஏறவிடாமல் காத்தார்கள். அத்தை பிழைத்தார்கள். ஆனால் முகமெல்லாம் குழி. இடது கண் போய்விட்டது. அவர்களுக்குக் கடைசிவரை கலியாணம் நடக்கவில்லை. நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் அவர்கள் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்துவதைப் பார்த்திருக்கிறோம். போன கண்ணுக்கு வெள்ளிக் கண்! அதைப் பார்த்து நாம் ஒருநாள் சிரித்துவிட்டோம். அத்தை கோபிக்கவில்லை. “உன் பாட்டி என்னைக் குதிருக்குள் வைத்தது என்மேல் ஆசையால்தானடா” என்றார்கள். அதன்பிறகு நாம் சிரிக்கவில்லை. பாட்டியின் பேரில் நமக்குக் கோபமில்லை. நோயைத் தெய்வமென்று அந்தப் பாட்டிக்குச் சொல்லிவைத்தவர்கள் பேரில்தான் கோபம்.

சாஸ்திரம் எப்படி உண்டாகிறது என்பதற்கு இந்த அம்மை விஷயத்திலேயே ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கின்றது. சென்னையில் கலெக்டராக இருந்தவர் எல்லிஸ் துரை. திருக்குறளுக்கு உரை எழுதினாரே, அந்த எல்லீசர்தான். 1819-ல் காலமானார். பசுவின் அம்மையிலிருந்து எடுத்த பாலைக் குத்திக்கொள்ள ஜனங்கள் பயந்ததைக் கண்ட அவர், அம்மை குத்துவதைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் தாமே ஒரு சிறு பாட்டுக் கட்டி, பழைய காகிதத்தில் எழுதச் செய்து, எங்கோ அகப்பட்டதாக வெளியிட்டாராம். பழைய ஏடு, அதிலும் பசு சம்பந்தமானது என்றால் பிராமணர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பது உத்தேசம். இதை எழுதிவைத்தவர் நம் இயக்கத்தாரல்ல, அந்தக் காலத்துக் கம்பெனி உத்தியோகஸ்தராகிய சர் ஜான் மால்கம். அதே 1819-ல், அம்மை குத்தும் முறை தன்வந்திரி காலத்திலேயே இருந்ததென்று சென்னைப் பத்திரிகையொன்றில் ஒரு வாசகம் வெளிவந்தது. அதற்கு மூலமான உண்மையான பழைய ஏடு இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் “எங்கள் முன்னோருக்கு எல்லாம் தெரியும்” என்கிறவர்கள் அதை எடுத்துக் காட்டுவது மட்டும் நிற்கவில்லை.

எல்லிஸ் துரையின் எண்ணம் நல்லதுதான். இருந்தாலும் அவர் செய்த காரியத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் பொய்யைக் கொண்டு குத்திய ஊசி அம்மையைத் தடுக்குமே தவிர, மூடத்தனத்தைத் தடுக்காது. நாம் கேட்பதெல்லாம் இதுதான்: நல்ல எண்ணத்தோடு ஒரு வெள்ளைக்காரரே இருந்த இடத்திலிருந்து சாஸ்திரம் செய்ய முடியுமானால், கெட்ட எண்ணத்தோடு, ஆயிரக்கணக்கான வருஷ அவகாசத்தோடு, படிப்பைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தவர்கள் எவ்வளவு செய்திருக்க முடியும்?

1796-ல் ஜென்னர் கண்டுபிடித்த முறை 1802-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1974-ல் மட்டும் பீகார், ஒரிஸ்ஸா, வங்காளப் பக்கங்களில் சில மாதங்களில் 15,000 பேருக்கு மேல் பெரியம்மையால் மாண்டார்கள். வடக்கே அவளுக்குச் சீதளை என்று பெயர். பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை. பிறகு ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. அதன்பிறகு பெரியம்மை கண்டதாகத் தகவல் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் இனாமென்று சர்க்கார் அறிவித்தும் அந்த இனாமுக்கு ஒரு உண்மையான அம்மைகூட அகப்படவில்லை. 1980 மே மாதத்தில் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவித்தது. மாரியாத்தாளின் கோபம் எங்கே போயிற்று? கூழ் குறைந்த ஊரிலும் வரவில்லை, தேர் நின்ற ஊரிலும் வரவில்லை.

இப்போது ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். “அப்படியானால் கூழ் ஊற்றக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். அம்மா, கேழ்வரகுக் கூழ் நல்ல ஆகாரம். தாராளமாக ஊற்றுங்கள், பசித்தவர்கள் குடிக்கட்டும். ஆனால் தட்டம்மை இன்னும் ஒழியவில்லை. அதற்கு இன்றைக்கும் வேப்பிலை கட்டி, டாக்டரிடம் போகாமல் வீட்டுக்குள் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஊசி உண்டு. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இன்னொன்று. வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, இரண்டும் போட்டாயிற்றா என்று பாருங்கள். அட்டை இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் நம் தோழர்களிடம் பெயர் கொடுங்கள். நாளைக் காலையில் அவர்களே உங்களைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவார்கள்.