சின்ன ஜெற் எஞ்சினை நம்பலாமா?



வழமையாக இந்த நேரத்தில் வரிக்கணக்கு, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு விடயம் கொஞ்சம் வேறு. கோடை தொடங்கினால் எங்கள் பிள்ளைகள் சிலர் வார இறுதியில் மாதிரி விமானம் பறக்கவிடும் திடல்களுக்குப் போகிறார்கள். முதலில் பற்றரியில் பறக்கும் சின்ன விமானம், பிறகு பெற்றோல் எஞ்சின், அதற்குப் பிறகு உண்மையான ஜெற் எஞ்சின் பூட்டிய விமானம் என்று ஆசை வளர்ந்துகொண்டே போகும். "மகன் ஜெற் எஞ்சின் வாங்கக் காசு கேட்கிறான், அது நம்பிக்கையான சாமானோ?" என்று இரண்டு மூன்று பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

நான் பொறியியலாளன் அல்ல. ஆனால் என் அக்காவின் மகன் ஏழெட்டு வருடமாக இவற்றைப் பறக்கவிடுகிறான். அவனுடைய கழகத்தின் வருடாந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பவனும் நான்தான். அங்கே கண்டதையும், கேட்டதையும், படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இது விளையாட்டுச் சாமான் அல்ல என்பதை மனதில் வையுங்கள். ஒரு பெரிய தேநீர்ப் போத்தல் அளவுதான் இருக்கும், ஆனால் பயணிகள் விமானத்தில் இருப்பது போலவே உள்ளே எல்லாம் உண்டு. முன்னால் காற்றை அமுக்கும் சக்கரம், நடுவில் எரியும் அறை, பின்னால் சூடான வாயுவில் சுழலும் ரேர்பைன் சக்கரம். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இருக்கின்றன.

1983இல் பிரித்தானியாவில் ஜெரி ஜாக்மன் என்பவரும் அவரது குழுவினரும் இப்படியான எஞ்சின் பூட்டிய மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். பிறகு ஜேர்மனியில் கேர்ட் ஷ்ரெக்லிங் என்பவர், வீட்டுப் பட்டறையிலேயே செய்யக்கூடிய எஞ்சின் ஒன்றை உருவாக்கி, செய்முறையைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அவருடைய எஞ்சினில் காற்றை அமுக்கும் சக்கரம் ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டு, காபன் நாரால் பலப்படுத்தப்பட்டது என்றால் நம்புவீர்களா? அவருக்குப் பின் வந்தவர்கள், கார், லொறி எஞ்சின்களின் ரேர்போவில் இருக்கும் அலுமினியச் சக்கரத்தை எடுத்துப் பூட்டினார்கள். இன்று ஜெற்கற் போன்ற நிறுவனங்கள் விற்கும் எஞ்சின்கள் ஒரு சுவிச்சைத் தட்டினால் தாமாகவே மூண்டு, தாமாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக் கொள்கின்றன.

இனி கேள்விக்கு வருவோம். நெடுஞ்சாலையில் ஓடும் கார் எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை அளவில் சுற்றும். இந்தச் சின்ன எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 35,000 தடவை சுற்றும். முழு வேகத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். 66 மில்லிமீற்றர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 115,000 தடவை சுற்றினால், அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகமே செக்கனுக்கு 340 மீற்றர்தான். பின்னால் வெளியேறும் வாயுவின் வெப்பமோ 500 முதல் 700 பாகை செல்சியஸ்.

இப்படி உழைக்கும் பொருள் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அச்சைத் தாங்குவது இரண்டே இரண்டு சின்னப் பெயாரிங்குகள். உள்ளே இருக்கும் குண்டுகள் பீங்கான் வகைப் பொருளால் ஆனவை. பயணிகள் விமான எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனித் தாங்கியும் பம்பும் உண்டு, அதே எண்ணெய் சுற்றிச் சுற்றி வரும். இங்கே அப்படி இல்லை. மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 5 வீதம் ரேர்பைன் எண்ணெயைக் கலக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கு மெல்லிய குழாய் வழியாகப் பெயாரிங்குக்குப் போய், நனைத்துவிட்டு, புகையோடு வெளியே போய்விடும். எண்ணெய் கலக்காமல் ஒரு கலன் ஊற்றினால் பெயாரிங் போய்விடும். அதனால் கலனிலேயே பெரிய எழுத்தில் "எண்ணெய் கலந்தது" என்று எழுதி வைக்க வேண்டும்.

திடலில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒருவர் வந்தால், பெரும்பாலும் பழுது எஞ்சினுக்குள் இருப்பதில்லை, அதைச் சுற்றித்தான் இருக்கும். எரிபொருள் குழாயில் வெடிப்பு. அடைத்துப்போன பில்ரர். பழசாகிப்போன பற்றரி. இவற்றில் முதலாவது எதிரி காற்றுக் குமிழி. கார் எஞ்சின் ஒருமுறை விக்கினாலும் தொடர்ந்து ஓடும். ஜெற் எஞ்சினில் சுவாலை அணைந்தால் அணைந்ததுதான். இப்போதைய சில எஞ்சின்கள் வானத்திலேயே தாமாக மீண்டும் மூட்டப் பார்க்கும். அதற்கும் பல செக்கன்கள் வேண்டும், அதற்குள் விமானம் எவ்வளவோ கீழே வந்துவிடும். ஆகவே பிரதான தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் குமிழியைப் பிடிக்கும் சின்னத் தாங்கி ஒன்றைக் கட்டாயம் வைப்பார்கள். அதில் காற்று சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பறப்புக்கும் முன் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எஞ்சினை ஆறவிடுவது. எஞ்சினை நிறுத்திய பிறகு, மூட்டும் மோட்டரே அச்சைச் சுற்றிக் காற்றை இழுத்து, வெப்பத்தை 100 பாகை அளவுக்குக் கொண்டுவரும். பின் பெயாரிங் சூடான சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இது அவசியம். சிலர் அவசரத்தில் பற்றரியைக் கழற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல மாதம் கழித்துப் பெயாரிங் அதற்கான கணக்கைக் காட்டும்.

இனி என் தொழிலுக்குரிய பகுதி. பல நிறுவனங்கள் 25 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எஞ்சினைத் திருப்பி அனுப்பிப் பெயாரிங் மாற்றச் சொல்கின்றன. பயணிகள் விமான எஞ்சின் பல ஆயிரம் மணித்தியாலம் இறக்கையிலேயே இருக்கிறதே, இது என்ன வெறும் 25 என்று கேட்கலாம். ஆனால் ஒரு பறப்பு எட்டு நிமிடம்தான். 25 மணித்தியாலம் என்றால் 187 பறப்புகள். ஒரு கோடைக்கு 80 பறப்பு என்று வைத்தால், இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கும். பராமரிப்புக்குச் சில நூறு பவுண் போகும். உதாரணத்துக்கு 300 பவுண் என்று வைத்தால், ஒரு பறப்புக்கு ஒரு பவுணும் 60 பென்சும். இதுதான் தேய்மானம். ஒவ்வொரு முறை பறக்கவிட்டதும் அந்தக் காசை ஒரு ரின்னில் போடச் சொல்லுங்கள். எஞ்சின் வாங்கப் பணம் இருந்து, பராமரிக்கப் பணம் இல்லாதவனின் எஞ்சின்தான் நம்ப முடியாத எஞ்சின்.

பாவித்த எஞ்சின் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலான எஞ்சின்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு பேரேடு மாதிரி. மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை தரம் மூட்டியது, ஏன் நின்றது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். என் மருமகன் ஒரு எஞ்சின் வாங்கப் போனபோது, "பத்து மணித்தியாலம்தான் ஓடியது" என்றார் விற்க வந்தவர். பெட்டியைத் தட்டிப் பார்த்தால் 41 மணித்தியாலம். நடுவில் பராமரிப்புக்கு அனுப்பியதற்கு ஒரு கடதாசியும் இல்லை. மருமகன் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். வரும் வழியில், "மாமா, ஆள் நல்லாய்க் கதைச்சவர், ஆனால் பெட்டி பொய் சொல்லாது" என்றான்.

அடுத்தது பாதுகாப்பு. சுவிற்சர்லாந்துக்காரரான இவ் ரொசி, முதுகில் ஒரு இறக்கையைக் கட்டி, அதில் நான்கு ஜெற்கற் எஞ்சின்களைப் பூட்டி, 2008 செப்டெம்பர் 26ஆம் திகதி கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைப் பத்து நிமிடத்துக்குள் கடந்தார். மாதிரி விமானத்துக்கென்று செய்யப்பட்ட எஞ்சின் வகையை நம்பி ஒரு மனிதன் தன் உயிரையே ஒப்படைத்தான் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அவர் பரசூட்டையும் கட்டிக்கொண்டுதான் போனார். எஞ்சின் நிற்காது என்று நம்புவது வேறு, நின்றால் என்ன செய்வது என்று ஆயத்தமாக இருப்பது வேறு. ஆகவே ஆட்களுக்கு மேலாலோ வீதிக்கு மேலாலோ பறக்கவிடக் கூடாது. எஞ்சின் நின்றாலும் வெறும் இறக்கையில் வந்திறங்கப் பழகியிருக்க வேண்டும். கழகத்தில் சேர்ந்து, காப்புறுதி எடுத்து, அனுபவசாலி பக்கத்தில் நிற்கத் தொடங்க வேண்டும். மூட்டும்போது பின்னால் சுவாலை வருவதும் உண்டு, காய்ந்த புல்லில் தீ பிடித்துவிடும். காபனீரொட்சைட்டு தீயணைப்பானைக் கையோடு வைத்திருங்கள். தூள் தீயணைப்பானை எஞ்சினுக்குள் அடித்தால் தீயோடு எஞ்சினும் முடிந்துவிடும்.

கடைசியாக, எங்கள் வீடுகளுக்கு மட்டும் உரிய ஒரு விடயம். இந்த எஞ்சினின் ஓசை சின்னதானாலும் ஜெற் ஓசைதான். 1996க்குப் பிறகு கிபிர் விமானங்கள் வந்த நாட்களில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அது என்ன ஓசை என்று நான் சொல்லத் தேவையில்லை. என் அக்கா ஒரே ஒருமுறைதான் திடலுக்கு வந்தார். எஞ்சின் மூண்டதும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தார். மகனைத் தடுக்கவும் இல்லை, பிறகு வரவும் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது அழகான சத்தம், அவன்மேல் குற்றம் இல்லை. ஆனால் வீட்டு வளவில் வைத்து எஞ்சினை மூட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திடலுக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போனால், மூட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லட்டும். அக்காவுக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது மருமகன், திடலுக்கு வரும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் சுவிச்சைத் தட்டுகிறான்.

ஆக, நம்பலாமா என்று கேட்ட பெற்றோருக்கு என் பதில் இது. எஞ்சின் நல்லது. எண்ணெய் கலந்து, குமிழி பார்த்து, ஆறவிட்டு, மணித்தியாலத்தைக் கொப்பியில் எழுதி வைக்கிற பிள்ளையா உங்கள் பிள்ளை? அப்படியென்றால் காசைக் கொடுக்கலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு கோடை பற்றரி விமானத்தோடு இருக்கட்டும், அதற்கும் ஒரு கொப்பி போடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த மாதம் வழக்கம்போல வரிப்படிவத்தோடு வருகிறேன்.