அரை மணித்தியாலம் பக்கத்தில் இருங்க

(பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையா நான் எழும்பினா தண்ணி பைப்பு, கக்கூஸ், பிள்ளைகளுக்கு ஊசி, சேமலாப நிதி என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போறது நாம வாய்விட்டுப் பேசாத ஒரு விசயம். தற்கொலை. பேரைச் சொன்னதுமே பின்னாலே இருக்கிற சில ஆத்தாமார் முகத்தைத் திருப்பிக்கிட்டது தெரியுது. இவ்வளவு காலம் பேசாம இருந்து பார்த்தோம். அதனாலே ஒருத்தரும் பிழைக்கவில்லை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில், ஒரு சம்பள நாள் பின்னேரம், ஒரு தங்கச்சி கூடையைக்கூட இறக்காமல் ஒப்பீஸ் வாசலில் வந்து நின்றது. "ஐயா, ஒரு விசயம் கதைக்கணும்" என்றது. "கடன் விசயமாம்மா?" என்று கேட்டேன். "ஆமாங்க, அதுவும்தான்" என்றது. எனக்குச் செக்ரோல் கணக்கு அவசரம். "திங்கக்கிழமை வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். "அதுவும்தான்" என்ற சொல் என் காதில் ஏறவில்லை. அன்று இராத்திரி அந்தப் பிள்ளையைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பிழைத்துவிட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா, குழந்தை அழுகிற சத்தம் நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்ததால் பிழைத்தது. பிற்பாடு என்னிடம் சொன்னது: "சாகணும்னு இல்லீங்க ஐயா. அந்த ராத்திரி விடியவே விடியாதுன்னு நெனைச்சிட்டேன்." விடிந்தது. கடனும் தவணை மாற்றிக் கட்டி முடிந்தது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம நாட்டிலே ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்களிடம் டாக்டர்மார் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேலே, அந்த முடிவை எடுத்ததற்கும் செய்ததற்கும் இடையில் அரை மணித்தியாலம்கூட இல்லை. வருசக்கணக்கா யோசித்துச் செய்கிறவர்கள் என்று நாம நினைக்கிறோம். நிறையப் பேர் விசயத்தில் அப்படி இல்லை. புருசன் குடித்துவிட்டு வந்து ஒரு பேச்சு, மாமியாரோடு ஒரு சண்டை, அப்பன் பிள்ளைக்குப் போட்ட ஒரு அடி. அந்த நேரத்துக் கோபத்திலேயும் அவமானத்திலேயும் கைக்குக் கிட்ட எது இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

இதை நம்ம அரசாங்கம் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்துகொண்டது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இப்படிச் செத்தார்கள். உலகத்திலேயே மிக அதிகமான கணக்குகளில் அது ஒன்று. அதிகம் நடந்தது கிராமப் பகுதிகளில், பயிருக்கு அடிக்கிற மருந்தினால். 1997இல் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். அடுத்த வருசம், 1998இல், தற்கொலைக்கு முயற்சிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் நீக்கப்பட்டது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நம்ம லயங்களிலே "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பொலிஸ் கேஸ் ஆகும், ஆளைப் பிடிச்சு அடைப்பான்" என்று பயந்து, நேரத்தைக் கடத்துகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். அது குற்றமில்லை என்றாகி எத்தனையோ வருசமாயிற்று.

ஆனால் பெரிய வேலை நடந்தது மருந்து விசயத்தில்தான். பீடைகொல்லிப் பதிவாளர் என்று ஒரு அரசாங்க உத்தியோகத்தர் இருக்கிறார். அவருடைய அலுவலகம் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 1984இல் சில, 1995இல் சில, 1998இல் இன்னொன்று. 2008க்குப் பிறகு, நம்ம மலைகளில் முதுகில் டாங்கி கட்டி அடித்த பரகுவாட் என்ற புல்லு மருந்தும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. விளைச்சல் விழுந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள், விழவில்லை. 2015 ஆகும்போது தற்கொலை ஏறக்குறைய 70 வீதம் குறைந்திருந்தது. இந்த இருபது வருசத்தில் 93,000 உயிர்கள் வரை தப்பியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சனங்களுக்குச் சண்டையும் கவலையும் குறைந்துவிடவில்லை. கைக்கு எட்டியது முன்னையைப் போல் கொடியதாக இல்லை, அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். அநுராதபுரப் பக்கம் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்து, மருந்தை அதிலே வைக்கச் சொன்னார்கள். 2017இல் முடிவு வந்தது. பலனில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பெட்டி வீட்டுக்குள்ளே, சாவியும் வீட்டுக்குள்ளே. நம்ம காம்பராவில் எதை எங்கே ஒளிக்கிறது? பத்துக்குப் பன்னிரண்டு அடியிலே சட்டியும் பாயும் வைக்கவே இடம் காணாது.

அதனாலேதான் கேட்கிறேன். லயத்துக்குப் பின்னாலே லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் மிச்ச மருந்தைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறீங்க. எனக்குத் தெரியும், நான் வீடு வீடா வருகிறவன். அந்தப் போத்தல் வீட்டிலே இருக்கவே கூடாது. தோட்டத்து மருந்து ஸ்டோரில் ஒரு தட்டு ஒதுக்கித் தர துரையிடம் கேட்டு, அவரும் சம்மதித்திருக்கிறார். பேர் எழுதி வையுங்க, அடிக்கிற அன்றைக்கு எடுத்துக்கொண்டு போங்க. "நம்ம சாமானை எதுக்கு அங்கே வைக்கணும்" என்று சில தம்பிமார் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், போத்தல் மட்டும் வந்து சேர்ந்தால் போதும்.

ஒருத்தர் சோறு தண்ணி இறங்காமல், பெரட்டுக்கு வந்தும் யாரோடும் பேசாமல், "நான் இருந்து என்ன" என்ற மாதிரிக் கதைத்தால், நேராகவே கேளுங்க: "சாகணும் என்கிற மாதிரி நினைப்பு வருதா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீங்க, அப்படி வராது. கேட்டபிறகு புத்தி சொல்லாதீங்க. "பிள்ளைகளை நினைச்சுப் பாரு" என்றுகூடச் சொல்லாதீங்க, அவங்க அதை நினைச்சுத்தான் அழுகிறாங்க. ஒரு தேத்தண்ணி ஊத்திக் கொடுத்துப் பக்கத்திலே உட்காருங்க. தனியா விடாதீங்க. பிறகு டிஸ்பென்சரிக்கோ என்னிடமோ கூட்டி வாங்க. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

யாராவது எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணி, தேங்காயெண்ணெய் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, அது ஆபத்து. 1990 அம்புலன்ஸ் இலவசம். அது ஏறி வர முடியாத ரோட்டென்றால் லொறியைக் கேளுங்க, எந்த நேரமென்றாலும் என் கதவைத் தட்டுங்க. போத்தலையும் கையோடு கொண்டு போங்க, டாக்டருக்கு அது தேவை.

பிழைத்து வந்தவரைப் பற்றிப் பீலிக்கரையில் கதை கட்டாதீங்க. அந்தத் தங்கச்சி திரும்பி வந்தபோது மருந்தைவிட அந்தக் கதைதான் அதிகம் வருத்தியது என்று அழுதது.

போத்தல்களை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டோருக்குக் கொண்டு வாங்க, நானும் நிற்பேன். இனிமேல் சம்பள நாளிலும் என் ஒப்பீஸ் ஆறு மணி வரை திறந்திருக்கும். கணக்கை நான் அடுத்த நாள் பார்த்துக்கொள்கிறேன்.