தெளிந்த வானில் அலைகள்

1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆந் திகதி, யப்பானின் பியூஜி மலைக்கு அண்மையில் பிரித்தானியப் போயிங் விமானமொன்று நடுவானிற் சிதைந்து வீழ்ந்தது. அதிலிருந்த 124 பேருள் எவரும் தப்பவில்லை. அன்று வானம் தெளிந்திருந்தது. மலையைக் கடந்த பலத்த காற்று மறுபுறத்தே அலையாய்ப் புரண்டு குழம்பியமையே அழிவுக்குக் காரணமென்பது விசாரணையின் முடிபு.

கண்ணுக்குப் புலனாகாத இத்தகைய அலைகளை ராடர் காணுமா?

வானொலி அலையைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, பொருள்களிற் பட்டு மீளும் எதிரொலியை வாங்குவது ராடர். மழையையும் விமானத்தையும் அது காட்டுதல் வியப்பன்று. வெறுவெளியிலிருந்தும் எதிரொலி வந்ததே வியப்பு. ராடரை இயக்கியோர் இவற்றுக்குத் 'தேவதூதர்' என்று பெயரிட்டனர். பயத்திற்கும் நகைச்சுவைக்கும் இடைப்பட்ட பெயர்! அவற்றுட் சில பறவைகளே என்பது 1945இல் வெளிப்பட்டது.

எஞ்சியவற்றை ஆராய, அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் ஹார்டி, அட்லஸ், குளோவர் என்போர் வெவ்வேறு அலைநீளமுள்ள மூன்று ராடர்களை ஒரே வானத்தை நோக்கித் திருப்பினர். பூச்சியாயின் குறுகிய அலையில் வலுவாகவும் நீண்ட அலையில் மிக மெலிதாகவும் தோன்றவேண்டும். சில எதிரொலிகள் அவ்வாறே தோன்றின. வேறு சிலவோ நீண்ட அலையிலும் மறையாமல், படைபடையாகப் பரந்து கிடந்தன. அவை காற்றின் படைகளே என்று 1966இல் அவர்கள் அறிவித்தனர்.

வளிமண்டலம் ஒரே சீரானதன்று. ஈரக்காற்றின்மீது உலர்காற்று படிந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்திற் செல்லும். வேறுபாடு மிகுந்தால், காற்று கடலைக் கிளப்புவதுபோல, இரண்டுக்கும் இடையே அலை எழுந்து, சுருண்டு, உடையும். அப்போது வெப்பமும் ஈரமும் கலங்கி நுண்ணிய திரிபுகள் உண்டாகும். அவற்றுள் ராடரின் அலைநீளத்திற் பாதியளவானவையே எதிரொலியை மீட்கின்றன. ராடர் காண்பது அலையின் உடலையன்று, அதன் நுரையை எனலாம்.

1969இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் றிக்டர் என்பார், ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளியையும் பிரித்துக் காட்டும் ராடரை அமைத்தார். நேர் மேலே நோக்கிய அக்கருவியில், கரையில் உடையும் கடலலை போன்ற உருவங்கள் வரிவரியாகப் பதிந்தன. அதற்குமுன் கணக்கிலும் ஆய்வுகூடத் தொட்டியிலும் அறியப்பட்டவை அவை.

பின்னர் மிகப் பெரிய ராடர்கள் எழுந்தன. திருப்பதிக்கு அண்மையிலுள்ள காதங்கியில் 1990களில் இயங்கத் தொடங்கியது 1024 ஏரியல்களைக் கொண்டது. அதன் அலைநீளம் ஆறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. காற்றின் ஏற்றவிறக்கத்தையும் அது அளக்கும்.

விமானத்தின் மூக்கிலுள்ள சிறு ராடர் மழையைத் தேடுவதற்கே அமைந்தது. தெளிந்த காற்றின் குழப்பம் அதற்குப் புலப்படாது. அவ்விடத்து விமானி நம்புவது வானிலை முன்னறிவித்தலையும், முன்னே சென்ற விமானியின் எச்சரிக்கையையுமே.