சித்தூரும் ஓர் அணுவின் முகவரியும்

முகவரியில் சித்தூர் என்று மட்டும் எழுதினால், அது தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஆந்திரத்துச் சித்தூரா, கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த சித்தூரா என்னும் ஐயம் எழும். அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் இதனை நன்கறிவர். மாநிலத்தின் பெயரே ஐயத்தைத் தீர்க்கிறது. அணுக்களின் உலகிலும் இத்தகைய சிக்கல் உண்டு.

சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அங்கு ஏர்ப்பேட்டில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் விளங்குகிறது. அத்தகைய நிலையத்து மாணவி ஒருத்தி, புரதமொன்றின் வடிவைக் கணிப்பொறித் திரையில் காண விழைகிறாள் எனக் கொள்வோம். அணுக்களின் இருப்பிடங்களைக் கூறும் கோப்பு, 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் கிடைக்கும்.

அவ்வங்கியின் பழைய கோப்பு முறை துளையட்டைக் காலத்தது. வரிக்கு 80 இடங்கள். எச்செய்தி எவ்விடத்தில் என்பது வரையறை. சி, ஏ என்னும் ஈரெழுத்துகள் 13-ஆம் இடத்தில் தொடங்கினால் கால்சியம். 14-இல் தொடங்கினால் ஆல்ஃபா கார்பன். ஒரே ஒரு வெற்றிடந்தான் வேறுபாடு! பிற்காலத்தில் 77, 78-ஆம் இடங்களில் தனிமக் குறியையும் எழுதலாயினர். அது மாநிலப் பெயரைப் போன்றது. அதனை எழுதாத கோப்புகளும் உலவுகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் முதலியோர் 1963-இல் வெளியிட்ட வரைபடம், இந்த ஆல்ஃபா கார்பனின் இருபுறப் பிணைப்புகளும் சுழலும் கோணங்களை ஆராய்வது. கார்பனைக் கால்சியமெனக் கொண்டால் பிணைப்புகளே பிழையாக வரையப்படும். பிறகு கோணத்தை எங்ஙனம் அளப்பது?

ஆதலின், கோப்பைத் திறக்கும் சாளரத்தை அமைப்போர் கோப்புப் பெயரின் வாலை மட்டும் நம்பலாகாது. படித்தது எம்முறை, அணுக்கள் எத்தனை, அவற்றுள் கால்சியம் எத்தனை என்பவற்றை ஏற்றுமுன் காட்டுதல் வேண்டும். அளவையும் கூறுதல் வேண்டும்; சில கோப்புகள் ஆங்ஸ்ட்ராமிலும் சில நானோமீட்டரிலும் எழுதப்படுவதால், மாறிப்போனால் மூலக்கூறு பத்து மடங்கு பெருக்கும் அல்லது சுருங்கும். எக்ஸ் கதிர் ஆய்வில் ஹைட்ரஜன் பெரும்பாலும் புலப்படாது. மென்பொருள் தானே அதனைச் சேர்த்தால் அச்செய்தியையும் மறைத்தல் கூடாது. ஐயம் நேருமிடத்து மாணவியையே கேட்கட்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் நாமும் இருபொருள்படும் சொல்லுக்கு அருகே வினாக்குறி இட்டுத்தான் மூலத்தைத் திருப்பி அனுப்புகிறோம். அனுப்பியவர் சற்று முகம் சுளிப்பது உண்மைதான்.

பழைய முறையில் அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்தே இடங்கள். 99,999-ஐத் தாண்ட வழியில்லை. எனவே வங்கி 2014 முதல், ஒவ்வொரு செய்திக்கும் பெயரிட்டு எழுதும் எம்எம்சிஐஎஃப் முறையை முதன்மையாகக் கொண்டது. ஆயினும் பழைய கோப்புகள் இன்னும் கைமாறி வருகின்றன. சாளரம் இரண்டையும் படிக்கத் தெரிந்ததாய் இருத்தல் வேண்டும்.