பெயரறிந்தால் கட்டளை கைவரும்



கருவி எத்துணை ஆற்றல் உடையதாயினும், வேண்டியதை எச்சொல்லால் கேட்பது என்று அறியாதவர்க்கு அது பூட்டிய பெட்டியே. இக்கருத்தை விளக்க, ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியை இன்று எடுத்துக்கொள்கிறோம். 1976ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேர்கொண்ட இக்கருவி, 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மனின் முயற்சியால் குனூ ஈமேக்ஸ் என வெளிவந்தது. பயன்படுத்துவோர் இதனைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளலாம். இதிலுள்ள கட்டளைகளோ ஆயிரக்கணக்கானவை. அவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய எவராலும் இயலாது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

பெயர் தெரிந்த கட்டளையை அழைப்பது எளிது. ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்திப் பெயரைத் தட்டலாம். ஒரு சொல் முன்னே நகர்வதற்குரிய கட்டளையின் பெயர் ‘ஃபார்வர்ட்’, ‘வேர்ட்’ என்னும் இரு சொற்கள் சிறுகோட்டால் இணைந்தது. இரண்டின் முதலெழுத்துகளையும் இடையே கோட்டையும் இட்டு டேப் விசையை அழுத்தினால், பொருந்தும் பெயர்கள் தோன்றும். கட்டளைக்குக் குறுக்குவிசை இருப்பின், அது நிறைவேறியபின் கருவியே அவ்விசையைக் காட்டும். இன்று தேடியது நாளை விரற்பழக்கமாகிறது.

பெயர் தெரியாவிடில் என்செய்வது? கண்ட்ரோல் விசையுடன் எச் அழுத்தி, பின்னர் ஏ அழுத்தினால், ‘அப்ரோபோஸ்’ என்னும் தேடல் திறக்கும். நினைவிலுள்ள சொற்களை இட்டால், அவை அமைந்த கட்டளைகளை அது விளக்கத்துடன் வரிசைப்படுத்தும்.

இங்கே ஓர் இடர் உண்டு. பிற செயலிகளில் ‘கட்’ எனப்படுவது ஈமேக்ஸில் ‘கில்’. ‘பேஸ்ட்’ எனப்படுவது ‘யாங்க்’. புதியவர் தமக்குத் தெரிந்த சொல்லால் தேடினால் ஏமாற்றம் அடையக்கூடும். ஆகவே, அப்ரோபோஸ் தன்னுள் ஒரு சிறு பட்டியலை வைத்திருக்கிறது. ‘கட்’ என்று தேடினால் ‘கில்’ என்பதையும், ‘பேஸ்ட்’ என்று தேடினால் ‘யாங்க்’ என்பதையும் அது சேர்த்தே தேடுகிறது. அப்பட்டியலைப் பயனரே விரித்துக்கொள்ளலாம். ஒருபொருட்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் திவாகரம் முதலிய நிகண்டுகள் ஆற்றிய பணியன்றோ இது!

இனி நம் மொழிக்கு வருவோம். கட்டளைகளைத் தமிழில் பெயரிட விழைவோர் முன் இரு தடைகள் உள்ளன. முதலாவது, சொற்பன்மை. ஒருவர் ‘அழி’ என்பதை மற்றொருவர் ‘நீக்கு’ என்கிறார். கணினி, கணிப்பொறி, கணனி என ஒரே கருவிக்கு நாம் வழங்கும் பெயர்களே பல. இரண்டாவது, சொல்லின் வடிவமாற்றம். ‘கோப்பைத் திற’ என்று கட்டளைக்குப் பெயரிட்டால், ‘கோப்பு’ என்று எழுத்துக்கு எழுத்துத் தேடுபவருக்கு அது அகப்படாது; வேற்றுமையுருபு ஏறியதும் ‘பு’ என்னும் எழுத்தே ‘பை’ ஆகிவிடுகிறது. ‘பக்கம்’ என்பதும் ‘பக்கத்தை’ என உருமாறி மறைந்துவிடும்.

தேடியது கிடைக்காதவர் தமிழ் இடைமுகத்தைக் கைவிட்டு ஆங்கிலத்திற்கே திரும்புவார். அவ்வாறு திரும்பியவரை மீண்டும் அழைத்துவருதல் அரிது.

ஆதலின், சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். கட்டளைப் பெயர்களில் பெயர்ச்சொல்லை உருபேற்காத வடிவில், ‘கோப்பு திற’, ‘பக்கம் நீக்கு’ என்றாற்போல், ஒரே ஒழுங்கில் அமைக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேர்ந்தபின், விடுபட்ட சொற்களை வீசிவிடாது, தேடலுக்குரிய மாற்றுப்பெயர்களாக அதனருகே பதிந்துவைக்க வேண்டும். அப்போது ‘அழி’ என்பாரும் ‘நீக்கு’ என்பாரும் ஒரே வாயிலை அடைவர்.

எச்சொல் சிறந்தது என்று நெடுங்காலம் வழக்காடியிருக்கிறோம். தேடுவோர் கைக்கு எட்டும் சொல் எது என்பதையும் இனி எண்ணுவோமாக.