இணைப்பு அறுந்த இரவுகளில் வாசிப்பு

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையிலே அமைந்த சிறு நகரம் வத்தேகம. அதன் கடைத்தெருவைக் கடந்து பன்விலைப் பக்கமாக மேலேறினால், நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தோட்டங்கள் தொடங்கிவிடும். அங்குள்ள ஒரு வீட்டை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். கடைத்தெரு வீடாயினும் ஆகுக. தோட்டத்து லயத்தின் ஓர் அறையாயினும் ஆகுக. தந்தையின் கையில் ஒரு கைத்தொலைபேசி. மூத்த மகளின் கையில் மற்றொன்று. ஊர்ச் செய்தியும், திரைப்பாட்டும், பரீட்சைக்குரிய பாடக்குறிப்பும் அவ்விரு சிறு பெட்டிகளுக்குள்ளேயே அடங்கியிருந்தன. 2025 நவம்பர் மாத இறுதியில், மலைநாட்டில் இத்தகைய எத்தனையோ வீடுகளில் அப்பெட்டிகள் ஊமையாயின.

டித்வாப் புயல் இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. எல்லா மாவட்டங்களிலும் கண்டி மாவட்டமே மிகுதியான உயிர்களை இழந்தது. மலை சரிந்து வீடு புதைந்த இடத்தில், இணையம் இல்லையே என்று ஏங்குவது பெருந்துயரின் முன் சிறு முணுமுணுப்பாகும். ஆயினும், உயிர் தப்பியோர் அடுத்துவந்த நாட்களை எவ்வாறு கழித்தனர் என்பதும் எண்ணத்தக்க விஷயமே.

வீட்டு இணையம் ஏன் இவ்வளவு எளிதில் நின்றுபோகின்றது? வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை வடம் பெரும்பாலும் வீதியை ஒட்டியே வருகின்றது. வீதி சரிந்தால் வடமும் அறும். வடம் அறாவிட்டாலும், வீட்டிலுள்ள கருவி மின்சாரமின்றி இயங்காது. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்கலம் உண்டு. ஆனால் அது சில மணி நேரமே தாங்கும். அதன்பின் மின்பிறப்பாக்கி வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். டீசல் கொண்டுசெல்ல வீதி வேண்டும். வீதியோ மண்ணுக்கடியில்! மலைநாட்டிலே இணையம் வானத்தில் மிதப்பதன்று, மண்ணில் வேரூன்றியது. மண் நழுவினால் அதுவும் நழுவும்.

அவ்வேளை க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 10 ஆம் திகதி தொடங்கிய அப்பரீட்சை, புயலினால் இடையிலே நிறுத்தப்பட்டது. எஞ்சிய வினாத்தாள்கள் 2026 சனவரியிலேதான் நடைபெற்றன. ஒரு மாணவியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியர் அனுப்பிய குறிப்புகள் தொலைபேசியில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றை அவள் தரவிறக்கம் செய்து வைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மங்கிய சதுரம். நடுவே ஒரு வட்டம். தொட்டால் வட்டம் சுழல்கின்றது, குறிப்புத் திறப்பதில்லை. முன்பொருநாள் கைநோகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கொப்பியில் எழுதிவைத்த இரண்டு பாடங்கள் மட்டும், மெழுகுதிரி வெளிச்சத்தில் அவளுக்கு முகம் கொடுத்தன. தன்னிடம் உள்ளது என்று அவள் நம்பியிருந்தது உண்மையில் வேறெங்கோ ஒரு கணினியில் இருந்தது.

மாணவியின் இடர் இது. மற்றையோரின் இடர் இதனினும் நுட்பமானது. வீட்டில் நான்கு புத்தகங்கள் இருக்கலாம். எடுத்து விரித்தால் இரண்டாம் பக்கத்திலேயே மனம் எழுந்துவிடுகின்றது; கை தானாகவே தொலைபேசியைத் தடவுகின்றது. துணுக்குகளை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் படித்தவர்கள் அவர்கள், படிப்பறியாதவர்கள் அல்லர். ஆனால் ஒரே பொருளின்மேல் ஒரு மணி நேரம் நிற்கும் பயிற்சி கைவிட்டுப் போயிருந்தது. இதற்கு இணையத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. இணையம் வருமுன்னரும் அலுமாரியில் பூட்டிய புத்தகங்கள் பூட்டியபடியே கிடந்த வீடுகள் பல உண்டு.

மலைநாட்டுத் தோட்டங்களிலே வாசிப்பு என்பது தொடக்கத்தில் தனிமைச் செயலாக இருக்கவில்லை. சென்னையில் அச்சாகி வந்த பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களை எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து உரக்கப் படிக்க, லயத்தார் சூழ்ந்திருந்து கேட்டனர். அல்லி அரசாணியும் விக்கிரமாதித்தனும் அங்கே கண்வழி புகுந்தவர்களல்லர்; செவிவழி புகுந்தவர்கள். அரசியலும் அவ்வழியே வந்தது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக இயற்றி 1940 இல் சிறு நூலாக அச்சிட்டார். கூட்டங்களில் தாமே பாடினார். வாசிக்கத் தெரியாதவரும் அந்நூலின் பயனைப் பெற்றனர். ஒரு விளக்கும், ஒரு பிரதியும், ஒரு குரலும் இருந்தால் பத்துப்பேருக்கு வாசிப்பு உண்டு என்பது அக்காலத்து ஏற்பாடு.

யாழ்ப்பாணத்தார் இதனை வேறுவிதமாகக் கற்றனர். 1981 இல் அவர்களுடைய பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1990 இல் மின்சாரமும் நின்றது, ஆண்டுக்கணக்காக நின்றது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க, மற்றவர் செய்தி கேட்பர். மிதிப்பவருக்கு மூச்சு வாங்கினால் செய்தியும் மெலியும் என்று இன்றும் சிலர் சிரித்துக்கொண்டு கூறுவதுண்டு. தாள் கிடைக்காதபோது பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. அவ்விளக்குகளின் கீழ்ப் படித்த மாணாக்கர் பலர் பல்கலைக்கழகம் புகுந்தனர்.

எனின், தாளே போதும், திரை வேண்டாம் என்று முடிவுகட்டலாமா? ஆகாது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, மின்சாரம் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை தடைப்பட்டது; கூடவே தாளுக்கும் தட்டுப்பாடு வந்தது. மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, தாள் இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டது. புத்தக விலையோ ஏறியது. ஏழை வீட்டார் புத்தகக் கடைப் பக்கம் தலைகாட்ட அஞ்சினர். ஆகவே தாளும் அறும், வடமும் அறும்.

ஈழத்துத் தமிழ் நூல்களைத் தேடுவோருக்கு, 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் பெருங்கொடை. கடைகளில் என்றோ அருகிப்போன பழைய நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கப்பட்டுள்ளன. எரிந்ததைப் பார்த்த சமூகம், எரியாத இடமொன்றைத் தேடியதன் பயன் அது. ஆனால் புயல் வீசும் இரவில் வத்தேகமவிலிருந்து அவ்வாசலைத் தட்டினால் திறவாது. வாரத்துக்கு ஒரு நூலை இணையம் உள்ளபோதே இறக்கித் தொலைபேசியில் சேமித்தால், கோபுரம் சாய்ந்தாலும் அது கையில் இருக்கும். இணைப்பைத் தேடித்தேடியே தொலைபேசியின் மின்கலம் விரைவில் வற்றும். இணைப்பை நிறுத்திவைத்து, திரையின் ஒளியைக் குறைத்து, சேமித்த நூலைப் படித்தால் நெடுநேரம் தாங்கும். இதனை அறியாத வீடுகள் பல.

பாடசாலை நூலகங்களும் இதிற் பங்கு கொள்ளலாம். கண்ணாடி அலுமாரியில் பூட்டி, திறப்பை அலுவலகத்தில் தொங்கவிடுவது புத்தகத்துக்குப் பாதுகாப்பாகலாம், பிள்ளைக்குப் பயனாகாது. மழைக்காலம் தொடங்குமுன்னரே பிள்ளைக்கு இரண்டு நூல்கள் வீதம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? சில நூல்கள் நனையும்; சில திரும்பி வாரா. வெள்ளம் பாடசாலைக்குள் புகுந்தால் எல்லாமே நனையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி, முதலிற் கண்ட வீட்டுக்கே திரும்பலாம். மின்சாரம் இல்லை, மழை ஓயவில்லை, பாட்டிக்குக் கண் தெரியாது. தம்பிக்குப் பயம். மூத்த மகள், பாடநூலைச் சற்றே ஒதுக்கிவைத்து, தம்பியின் நான்காம் வகுப்புத் தமிழ் வாசகத்தை எடுத்து உரக்கப் படிக்கத் தொடங்குகிறாள். ஓரிடத்தில் அவள் தடுமாற, அக்கதையை வேறுவிதமாகக் கேட்டிருக்கிறேன் என்று பாட்டி குறுக்கிடுகிறாள். தந்தை தொலைபேசியைக் கீழே வைக்கிறார். அடுத்த அறையிலிருந்து, சுவருக்கப்பால், “சத்தமாய்ப் படி பிள்ளை, இங்கேயும் கேட்கட்டும்” என்று ஒரு குரல் வருகின்றது.